யாரிடம் சொல்லிக்கொண்டு கிளம்புவது?

இஸ்தான்புல்லில், சிர்கெஜி ரயில் நிலையத்தின் வெளிநாட்டு டிக்கெட் கவுன்ட்டரில் இருந்தவர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டி நுழைவு முத்திரையைத் தேடிப் பிடித்தார். மேசைக் காலண்டரில் பேனா முனையை வைத்து ஒவ்வொரு கட்டமாக எண்ணிக்கொண்டே வந்தார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் புருவத்தைத் தூக்கி, தலையை லேசாகப் பின்னுக்குச் சாய்த்து, நாக்கால் 'ட்ச்' என்றார். துருக்கியில் 'இல்லை' என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டியதில்லை. இது போதும்.

விஷயம் இதுதான். அமெரிக்க, பிரிட்டன் அல்லது ஷெங்கன் விசா கையில் இருக்கும் இந்தியர்களுக்குத் துருக்கி இணையத்திலேயே இ-விசா தருகிறது. ஒரே ஒரு நுழைவு, 30 நாள். நான் அக்டோபர் 14 அன்று உள்ளே வந்தேன், நவம்பர் 12 வரை இருக்கலாம், எனவே 12-ஆம் தேதி, பல்கேரியத் தலைநகர் சோஃபியாவுக்குப் போகும் ரயிலுக்கு டிக்கெட் கேட்டேன். ஆனால் அது இரவு ரயில். எல்லையிலுள்ள கபிக்குலே நிலையத்துக்கு வந்து சேர நள்ளிரவு தாண்டிவிடும். அங்கே எல்லோரையும் எழுப்பி, இறக்கி, வரிசையில் நிறுத்தி முத்திரை குத்தும்போது தேதி 13 ஆகியிருக்கும். "பதினொன்று," என்றார் அவர், அந்தக் கட்டத்தைப் பேனாவால் தட்டி. அன்று நவம்பர் 8, மாலை. நான்கு நாள் இருக்கிறது என்ற நினைப்போடு உள்ளே போனவள் மூன்று நாளோடு வெளியே வந்தேன்.

ஒரு நாள்தானே? எனக்கு அப்போது அப்படித் தோன்றவில்லை. பக்கத்திலேயே எமினோனு படகுத்துறை. ஒரு சிமித் வாங்கிக்கொண்டு (எள் அப்பிய வளைய ரொட்டி, முறுக்குக்கும் பன்னுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும்) கடிக்கோய் போகும் வாபூரில் ஏறி உட்கார்ந்தேன். வாபூர் என்றால் பயணிகள் கப்பல். பாதிக் கடலில் கண் கலங்கிவிட்டது. எதிரே இருந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் கைக்குட்டைத் தாள் ஒன்றை நீட்டினார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஐந்து மாதப் பயணத்தில் அது நான்காவது மாதம். தாஷ்கண்ட், சமர்கண்ட், திபிலீசி என்று வந்த வழியில் எந்த ஊரிலும் இவ்வளவு நாள் தங்கியதில்லை. இஸ்தான்புல்லுக்கும் பத்து நாள்தான் ஒதுக்கியிருந்தேன். பத்து, பதினைந்தாகி, முப்பதாயிற்று. கப்பதோக்கியா பலூனும் எபேசஸ் இடிபாடுகளும் பட்டியலிலேயே நின்றுபோயின. "துருக்கிக்குப் போயிட்டு பலூன்ல ஏறாம வந்தவ" என்று தோழிகள் இன்றைக்கும் ஏசுகிறார்கள். இஸ்தான்புல்லுக்குள்ளேயே பார்க்காமல் விட்டவை ஏராளம். தோல்மாபாஹ்சே அரண்மனைக்குள் போகவில்லை, தீவுகளுக்குப் போகவில்லை, கோரா தேவாலயத்தின் மொசைக்குகளைப் பார்க்கவில்லை.

மூன்று நாளில் இதையெல்லாம் ஓடி ஓடிப் பார்த்துவிடலாமா என்று அன்றிரவு ஒரு கணக்குப் போட்டேன். போட்டுவிட்டு அழித்தேன். கடைசி நாட்களில் புதிய இடம் தேடுவது, இலையை மூடப் போகிற நேரத்தில் இன்னொரு கரண்டி சோறு கேட்பது மாதிரி. ஏற்கெனவே நடந்த வழியில் மறுபடி நடப்பது என்று முடிவு செய்தேன். அப்போதுதான் ஒரு சங்கடம் தலைகாட்டியது. யாரிடம் சொல்லிக்கொண்டு கிளம்புவது?

தனியாகப் போகிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயமாக இருக்க வேண்டும். திபிலீசியில் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, கதவை இழுத்துச் சாத்திவிட்டு, வீட்டுக்காரருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பியதோடு ஊர் முடிந்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒருவரும் கிளம்பிவிட முடியாது. அடுத்த தெருவுக்குப் போனால்கூடச் சமையலறையில் எட்டிப் பார்த்து 'போயிட்டு வரேன்' என்று சொல்ல வேண்டும். 'போறேன்' என்று சொல்லிவிட்டால் அம்மா கையிலிருக்கும் கரண்டியோடு வெளியே வந்துவிடுவார். சொல்லாமல் கொள்ளாமல் போவது ஓடிப்போகிறவர்கள் செய்கிற வேலை. இந்த ஊரைவிட்டு அப்படிப் போக எனக்கு மனமில்லை. ஆனால் யாரிடம் சொல்வது? ஒன்றரைக் கோடிப் பேர் வாழும் ஊரில் எனக்குத் தெரிந்தவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். தெருமுனை டீக்கடைக்காரர். மீன் கடையில் நிற்கும் பையன். மாடி வீட்டு தேய்ஸெ. ஒரு மஞ்சள் பூனை.

தேய்ஸெ என்றால் அம்மாவின் சகோதரி. சித்தி, பெரியம்மா இரண்டுக்கும் இந்த ஒரே சொல்தான், தெரியாத மூத்த பெண்களையும் இப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அப்பாவின் சகோதரிக்கு வேறு சொல் உண்டு, 'ஹலா'. தாய்மாமனுக்கு 'தாயி', அப்பாவின் சகோதரனுக்கு 'அம்ஜா'. எல்லோரையும் ஒரே 'அங்கிள்', 'ஆன்ட்டி'யில் அடைக்கும் ஆங்கிலத்துக்கு இந்த நுணுக்கம் தெரியாது. எங்கள் கட்டடத்து தேய்ஸெக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் இரண்டாவது மாடி, அவர் மூன்றாவது. லிஃப்ட் கிடையாது. அவருக்கு ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. எனக்குத் துருக்கி மொழி இருநூறு சொல் இருந்தால் அதிகம். ஆனாலும் பேசிக்கொண்டோம், அதுவும் நிறைய.

துருக்கி மொழி தமிழருக்குச் சுலபம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். இலக்கணத்தை மட்டும் சொல்கிறேன். வினைச்சொல் கடைசியில் வரும். ஒட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். 'எவ்' என்றால் வீடு, 'எவ்லெர்' வீடுகள், 'எவ்லெரினிஸ்தென்' என்றால் உங்கள் வீடுகளிலிருந்து. 'யவாஷ் யவாஷ்' என்பது நம் 'மெல்ல மெல்ல'தான். மெய்தான், நம் மைதானம். கியாத், காகிதம். ஃபின்ஜான் என்று காப்பிக் கோப்பையைச் சொன்னபோது பீங்கான் நினைவுக்கு வந்து தனியாகச் சிரித்தேன். பாரசீகச் சொற்கள், அவர்கள் பக்கமும் போயிருக்கின்றன, நம் பக்கமும் வந்திருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது 'மிஷ்' என்ற ஒட்டு. கண்ணால் பார்க்காத, பிறர் சொல்லித் தெரிந்துகொண்ட எதையும் அவர்கள் இந்த ஒட்டைப் போட்டுத்தான் சொல்கிறார்கள். 'கெல்தி' என்றால் வந்தான். 'கெல்மிஷ்' என்றால் வந்தானாம். அந்த 'ஆம்' கையில் இருந்தால் ஊர் வம்பு அத்தனையும் பேசிவிடலாம். தேய்ஸெயும் நானும் அதைத்தான் செய்தோம். கீழ்வீட்டுப் பையனுக்கு வேலை போய்விட்டதாம். எதிர் பேக்கரிக்காரர் கடையை விற்கப் போகிறாராம்.

ஒரு சொல்லில் மட்டும் மூன்று வாரம் தவறிக்கொண்டே இருந்தேன். 'கூலே கூலே' என்றால் போய்வருகிறேன் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நேர்ப்பொருள் 'சிரித்துச் சிரித்து'. அழகான சொல்லாயிற்றே என்று ஒவ்வொரு கடையிலிருந்து வெளியே வரும்போதும் தவறாமல் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு ஒரு நாள் தேய்ஸெதான் கையைப் பிடித்து உட்காரவைத்து விளக்கினார். அது வழியனுப்புகிறவர் சொல்வது. கிளம்புகிறவர் சொல்ல வேண்டியது 'ஹோஷ்ச்சா கால்', நலமாக இருங்கள். அதாவது மூன்று வாரமாக நான் கடைக்காரர்களை அவரவர் கடையிலிருந்தே 'போயிட்டு வாங்க' என்று வழியனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

9-ஆம் தேதி முழுக்கக் கடிக்கோய் பக்கமே சுற்றினேன். இது ஆசியக் கரை. பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் ஒரு கதை எழுதியிருக்கிறார். பாரசீகத் தளபதி மெகபாசஸ் இந்தப் பக்கம் வந்தபோது, எதிர்க்கரையில் பைசாந்தியம் (பின்னாளில் இஸ்தான்புல் ஆன ஊர்) உருவாவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கால்செதோன் என்ற ஊர் உருவாகிவிட்டது என்று கேள்விப்பட்டாராம். அவ்வளவு நல்ல இடம் எதிரே கிடக்க இங்கே வந்து குடியேறியவர்கள் குருடர்களாகத்தான் இருக்க வேண்டும் என்றாராம். அந்தக் கால்செதோன்தான் இன்றைய கடிக்கோய். எனக்கென்னவோ மெகபாசஸ் சாயங்காலத்தில் இங்கே வந்து நிற்கவில்லை என்று தோன்றுகிறது. நல்ல இடத்தில் குடியிருப்பவனுக்கு அந்த இடம் கண்ணில் படாது. எதிர்க்கரையில் இருந்தால்தான் படும். நவம்பரில் ஆறு மணிக்குள் சூரியன் எதிர்க்கரைத் தீபகற்பத்துக்குப் பின்னால் இறங்கிவிடும். ஹாகியா சோஃபியாவும் நீல மசூதியும் தோப்கபி அரண்மனையும் கறுப்புக் காகிதத்தில் கத்தரித்து ஒட்டியது போல் நிற்கும். பாறைகளின்மேல் மாணவர்கள் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். காலடியில் தொலிகள் குவியும். முப்பது நாளில் இருபது நாளாவது நானும் அங்கே இருந்திருப்பேன்.

மீன் கடைப் பையனிடம் அன்றே சொல்லிவிட்டேன். அவன் எனக்கு லூஃபெர் பாடம் எடுத்தவன். ஒரே மீன்தான், வளர வளரப் பெயர் மாறும். மிகச் சிறியது தெஃப்னே யாப்ராயி, 'பிரிஞ்சி இலை'. அப்புறம் சினெகோப், சாரிகனாத், லூஃபெர், பெரிதானால் கோஃபானா. இலையுதிர் காலத்தில் கருங்கடலிலிருந்து பாஸ்பரஸ் வழியாக மர்மரா கடலுக்கு இறங்கி வரும், ஊரே அதைத்தான் பேசும். நான் கிளம்புகிறேன் என்றதும், "லூஃபெர் இன்னும் முழுசா வரலையே, அக்கா," என்றான். அவ்வளவுதான் அவன் வழியனுப்பு.

10-ஆம் தேதி காலை எமினோனுவுக்கு வாபூர் பிடித்தேன். உள்ளே டீ விற்பவர் தட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார், வெளியே கடல்காகங்கள் சிமித் துண்டுக்காகக் கூடவே பறந்து வருகின்றன, எல்லாம் வழக்கம்போல. ஹைதர்பாஷா ரயில் நிலையத்தைத் தாண்டினோம். 1909-இல் திறந்த நிலையம், ஜெர்மானியர் கட்டியது. அதைக் கட்ட வந்தவர்கள் குடியிருந்த யெல்தெய்ர்மெனி பகுதியில்தான் என் அறையும். 2010-இல் கூரை எரிந்தது, 2013-இல் ரயில்கள் நின்றன. அதைத் தாண்டி நடுக்கடலுக்கு வந்தபோது எஞ்சின் சத்தம் அடங்கியது. எங்கோ ஒரு சைரன், பிறகு இரு கரையிலும் பல சைரன்கள். எங்கள் கப்பல் நீளமாக ஊதியது, சுற்றிலும் நின்ற கப்பல்கள் எல்லாம் ஊதின. டீக்காரர் தட்டை இருக்கைமேல் வைத்துவிட்டு நேராக நின்றார். எல்லோரும் எழுந்தார்கள். நேரம் 9.05. 1938-இல் இதே தேதியில் இதே நிமிடத்தில் துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாதுர்க் இறந்தார், ஆண்டுதோறும் இந்த நேரத்தில் நாடு நின்றுவிடும் என்று படித்திருந்தேன். படித்தது வேறு. கையிலிருந்த டீ கிளாஸை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நானும் நின்றேன். எஞ்சின் நின்ற கப்பல் நீரோட்டத்தோடு மெல்ல நகர்ந்தது. பக்கத்தில் நின்ற கிழவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அவருடைய பேத்தி மாதிரி இருந்த பெண் ஃபோனை எடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளே வைத்துக்கொண்டாள். சைரன் ஓய்ந்ததும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். டீக்காரர் தட்டைத் தூக்கினார். "சாய்! தாஸே சாய்!"

இறங்கி, மேட்டில் ஏறி, சுலைமானியே மசூதிக்குப் போனேன். 1557-இல் கட்டி முடித்தது, சினான் என்ற கட்டடக்கலைப் பேராசான் கட்டியது. உள்ளே ஆயிரக்கணக்கான எண்ணெய் விளக்குகள் எரிந்த காலத்தில் புகைக்கரி சுவரில் படியாமல் காற்றோட்டத்தால் ஓர் அறைக்குப் போய்ச் சேரும்படி அமைத்து, அந்தக் கரியில் எழுத்து மை செய்தார்களாம். கட்டியவரின் சமாதி மசூதி வளாகத்துக்கு வெளியே, ஒரு தெருமுனையில், சிறிதாக ஒதுங்கிக் கிடக்கிறது. கடந்து போகிறவர்களில் பாதிப் பேர் கவனிப்பதில்லை. நான் ஒவ்வொரு முறையும் அங்கே நின்றுவிட்டுத்தான் போவேன்.

அங்கிருந்து சற்று நடந்தால் வெஃபா. 1876-இலிருந்து போஸா விற்கும் கடை அங்கே இருக்கிறது. போஸா தானியத்தைப் புளிக்கவைத்துச் செய்வது, கெட்டியாக, லேசான புளிப்பும் இனிப்புமாக இருக்கும், குளிர்காலத்துக்கு உரியது. எதிர்க்கடையில் வறுத்த கொண்டைக்கடலையை ஒரு பொட்டலம் வாங்கி மேலே கொட்டி, பட்டைத்தூளோடு ஸ்பூனால் அள்ளிச் சாப்பிட வேண்டும். வெள்ளைக்காரப் பயணிகள் பலர் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள். கம்பங்கூழ் குடித்து வளர்ந்த நாக்குக்கு அது பிடிபட அரை நிமிடம்கூட ஆகவில்லை. அத்தாதுர்க் குடித்த கிளாஸை அங்கே கண்ணாடிப் பேழையில் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அதன் முன்னால் கூட்டமாக இருந்தது. நான் இரண்டாவது கிளாஸ் வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன்.

கடைசி நாளுக்கு ஒரு திட்டம் வைத்திருந்தேன். மாலை நான்கு மணி வாபூர், மேல்தளம், இடது பக்கம், கடைசி டீ. எமினோனுவில் இறங்கி, சிர்கெஜியிலிருந்து மர்மராய் ரயில் பிடித்து ஹல்கலி. அங்கிருந்துதான் சோஃபியா ரயில். மனசுக்குள் பத்து முறை ஒத்திகை பார்த்தாயிற்று.

11-ஆம் தேதி விடியும்போதே ஜன்னல் அடித்துக்கொண்டது. காற்று வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது. லோதோஸ், தெற்கிலிருந்து வரும் காற்று. அது அடித்தால் தலை வலிக்கும், குணம் கெடும், கடல் புரளும் என்பார்கள். மதியம் தேய்ஸெ கதவைத் தட்டினார். "வாபூர் கால்க்மியோர்முஷ்." கப்பல் கிளம்பலையாம். வாக்கியம் முழுவதும் புரியும் முன்பே அந்த 'ஆம்' புரிந்துவிட்டது. படகுத்துறைக்குப் போய்ப் பார்த்தேன், பிறர் சொல்லைச் சரிபார்க்கும் புத்தி. அறிவிப்புப் பலகையில் எல்லாப் பயணத்துக்கும் நேராக ரத்து என்று ஓடிக்கொண்டிருந்தது. அலை கரைமேல் ஏறி நடைபாதையை நனைத்தது. கட்டிவைத்த கப்பல்கள் கயிற்றை இழுத்துக்கொண்டு ஆடின.

சரி, டீக்கடை. ஒரு கிளாஸ் குடித்தேன், இன்னொன்றும் குடித்தேன். எழுந்து, தெளிவாக, "ஹோஷ்ச்சா காலின்," என்றேன். அவர் டீ ஊற்றுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "கற்றுக்கொண்டாயிற்றா? இனிமேல் எங்களை யார் வழியனுப்புவார்கள்?" என்றார். கடைசி டீயை இலவசமாகக் கொடுத்து என்னை அழவைத்துவிடுவாரோ என்று பயந்திருந்தேன். இரண்டு டீக்கும் காசை எண்ணி வாங்கிக்கொண்டார், எனக்கு நிம்மதியாகப் போயிற்று. அப்புறம்தான், "கூலே கூலே, அப்லா." அப்லா என்றால் அக்கா. என்னைவிடப் பத்து வயது பெரியவர் அவர்.

மஞ்சள் பூனை வரவில்லை. வாங்கி வைத்திருந்த தீனியைப் படிக்கட்டில் கொட்டினேன், எங்கிருந்தோ ஒரு சாம்பல் பூனை வந்து தின்றுவிட்டுப் போனது.

பையை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். தேய்ஸெ பின்னாலேயே மூன்று மாடி இறங்கி வந்தார், கையில் ஒரு ஜாடித் தண்ணீர். வழியில் குடிக்கத் தருகிறார் என்று கையை நீட்டினேன். அவர் கையைத் தட்டிவிட்டு, என் தோளைப் பிடித்துத் தெருப்பக்கம் திருப்பி, "நட," என்றார். நாலு அடி வைத்ததும் பின்னால் சளப்பென்று சத்தம். ஜாடித் தண்ணீர் முழுவதும் நான் நடந்த தடத்தில். "சு கிபி கித், சு கிபி கெல்." தண்ணீர் போலப் போ, தண்ணீர் போல வா. பயணம் போகிறவர் பின்னால் தண்ணீர் ஊற்றுவது அவர்கள் வழக்கம். திரும்பிப் பார்க்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்துவிட்டேன். அவர் வெற்று ஜாடியை ஆட்டிக் காட்டினார்.

கப்பல் இல்லாததால் கடலுக்கு அடியில் போகும் ரயில்தான் வழி. எங்கள் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில் மர்மராய் நிலையம். முப்பது நாளாக அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், என்ன பொருள் என்று யோசித்ததில்லை. அய்ரிலிக் செஷ்மெசி. ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில் ஃபோனில் தட்டிப் பார்த்தேன். அய்ரிலிக், பிரிவு. செஷ்மெ, நீரூற்று. உஸ்மானியர் காலத்தில் கிழக்கே போர்க்களத்துக்குப் போன படைகளும், மெக்காவுக்குப் போன ஹஜ் கூட்டங்களும் இங்கேதான் நின்று, தண்ணீர் எடுத்துக்கொண்டு, வழியனுப்ப வந்தவர்களிடம் விடைபெற்றுப் போவார்களாம். அந்தப் பழைய நீரூற்றும் அருகிலேயே இருக்கிறதாம். இத்தனை நாள் நான் போய்ப் பார்க்கவில்லை. இனி நேரமும் இல்லை, ரயில் வந்துவிட்டது.

அடுத்தது உஸ்குதார், அதற்கடுத்தது சிர்கெஜி. நடுவில் கடல். கப்பலில் இருபது நிமிடம், டீ, காற்று, பறவை எல்லாம் சேர்ந்து ஆகிற பயணம், சுரங்கத்தில் நான்கு நிமிடத்தில் முடிந்தது. ஜன்னலில் என் முகம் மட்டும் தெரிந்தது. 2013-இல் திறந்த பாதை இது. இதைத் தோண்டும்போது யெனிகாபியில் பைசாந்தியக் காலத்துத் தியோடோசியஸ் துறைமுகமே மண்ணுக்குள் கிடைத்தது, 37 பழங்கப்பல்களோடு. யெனிகாபி நிலையத்தில் ரயில் நின்றபோது, கிளம்பாமல் போன கப்பல்கள் எனக்கு முன்பும் நிறைய இருந்திருக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன்.

ஹல்கலியில் இறங்கியபோது ஏழு மணி. நடைமேடையிலிருந்து அம்மாவுக்குப் பேசினேன். காற்று இரைச்சலில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"மாடி வீட்டம்மா பின்னாலயே வந்து தண்ணி ஊத்தி அனுப்பினாங்கம்மா."

"என்னது?"

"தண்ணி. நான் போற வழியில ஊத்தினாங்க."

"நாங்க உனக்குத் தண்ணி தெளிச்சு விட்டு நாலு மாசமாச்சுடீ. அவங்களுக்கு இப்பத்தான் புத்தி வந்துதா?"

இது திரும்பி வருவதற்காக ஊற்றுகிற தண்ணீர் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமில்லை. "அப்ப நல்ல பொம்பளைதான்," என்றார். அப்புறம் ஸ்வெட்டர் போட்டிருக்கிறேனா என்று கேட்டார்.

மர்மராயில் ஏறும்போதே முழுத் தூரத்துக்கும் கட்டணம் பிடித்துவிடுவார்கள். நடுவில் இறங்கினால், வெளிவாசலில் இருக்கும் இயந்திரத்தில் கார்டைக் காட்டி மீதியைத் திரும்பப் பெற வேண்டும். கிளம்புகிற அவசரத்தில் யாரும் செய்வதில்லை, அதுவும் நாட்டைவிட்டே போகிறவர்கள். நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன். பிறகு முதுகுப் பையோடு திரும்பி வந்து, இயந்திரத்தில் கார்டை வைத்தேன். பீப் என்றது. ஒரு டீக்குக்கூடக் காணாத தொகை உள்ளே ஏறியது. கார்டைத் துடைத்து, பர்ஸில் சென்னை மெட்ரோ கார்டுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, சோஃபியா ரயில் எந்த நடைமேடை என்று விசாரிக்கப் போனேன்.